வக்கீலம்மா காரும் மயிலாத்தா தடமும்

கிட்ட வந்து உக்காருங்க. வக்கீல் காரை ஓட்டறவனுக்குக் காது ரெண்டும் திறந்திருக்கோணும், வாய் மூடியிருக்கோணும். அடுத்தவங்க வண்டி ஓட்டிப் பொழைக்கற உங்களுக்கு இந்தப் பாடு தெரியாதா என்ன?

முள்கம்பி

வக்கீலம்மாவுக்குச் சரவணம்பட்டியில ஆபீசு, அன்னூர்ப் பக்கம் ஊடு. அதே ஊர் மயிலாத்தா ஒரு நாள் அழுதுட்டே வந்துச்சு. புருசன் இல்லை, கொஞ்சம் மானாவாரிக் காடும் கறவை மாடும்தான் சொத்து. ரோட்டுக்குப் போற வண்டித்தடத்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பழனிச்சாமி முள்கம்பி போட்டு அடைச்சுப்போட்டாரு. பால் கேனைத் தூக்கிட்டு ஊரைச் சுத்தி அலைஞ்சு சலிச்சா, காட்டைத் தனக்கே வித்துப்போடும்னு அவருக்கு நெனப்பு.

"வித்துப்போடட்டுங்களா அம்மணி?"ன்னு கேட்டுச்சு. வக்கீலம்மா கார்ச் சாவியை என் கையில குடுத்தாங்க. "விக்கற பேச்சை இங்கயே போட்டுட்டு வண்டியில ஏறுங்க. தடத்தைப் பாத்துட்டு வரலாம்."

ஓட்டு

கேஸ் இழுத்துட்டே கெடந்துச்சு. நடுவுல வக்கீலம்மா பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்னாங்க. பழனிச்சாமி கார் ஜன்னல்ல வந்து குனிஞ்சாரு. "ஏனுங்க அம்மணி, எங்க சொந்தபந்தம் ஓட்டுப் பூராவும் உங்களுக்குத்தானுங்க. அந்தத் தடத்துக் கேஸை மட்டும் விட்டுப்போடுங்க."

"ஓட்டு உங்க இஷ்டமுங்க. தடம் மயிலாத்தாளுதுங்க"ன்னுட்டாங்க.

தோத்துப்போனாங்க. திரும்பி வாரப்ப பின்னாடி இருந்து குரல் வந்துச்சு: "அண்ணா, காலையில கோர்ட்டுங்க. வண்டியில டீசல் இருக்குதுங்களா?"

போன்

அப்புறம் ஜட்ஜு பரீட்சை எழுதிப் பாஸாயிட்டாங்க. வெளி ஜில்லாவுல போய்ச் சேரோணும். மயிலாத்தா ஓடியாந்துச்சு. "இனி நீங்களும் ஜட்ஜுதானுங்களே. நம்ம கேஸைப் பாக்கற ஜட்ஜுக்கு ஒரு போன் போட்டுப்போடுங்க!"

வக்கீலம்மா சிரிக்கலை. "ஒரு போன்ல வார தடம், இன்னொரு போன்ல போயிருமுங்க."

தண்ணித் தொட்டி

சேரறதுக்கு முந்தி கடைசி வேலை. இடத்தைப் பாத்து எழுதறதுக்குக் கோர்ட்டு அனுப்பின கமிஷனர் வந்திருந்தாரு. "இங்க எந்தக் காலத்துலயும் தடமே இல்லீங்க"ன்னு பழனிச்சாமி கையை விரிச்சாரு. வக்கீலம்மா வாதாடவே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மயிலாத்தா காட்டுத் தண்ணித் தொட்டியைப் பாத்தாங்க. இந்தப் பக்கம் பழனிச்சாமியோட கெழட்டு மாட்டைப் பாத்தாங்க.

"வெயில்ல நாக்குத் தள்ளுதுங்க, பாவம். அவுத்து விடுங்க."

வந்தவங்க முன்னாடி மாட்டுக்குத் தண்ணி காட்டமாட்டேன்னா சொல்ல முடியும்? அவுத்து விட்டாரு. வேலி வாரதுக்கு முந்தி அந்தத் தொட்டியில தண்ணி குடிச்சுப் பழகின மாடு, நேரா நடந்து முள்கம்பிகிட்ட நின்னு, தொட்டியைப் பாத்துக் கத்துச்சு. கமிஷனர் பின்னாடியே போய்க் குனிஞ்சாரு. புல்லு மொளைக்காம இறுகின வண்டித்தடம் வேலிக்கு அடியில நீளமாப் போகுது. பழனிச்சாமி தலையில கை வெச்சாரு: "இந்தச் சனியனுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது?"

கோர்ட்டு சொல்லி முள்கம்பி போயிருச்சு, மயிலாத்தா பால் கேன் இப்ப நேரா ரோட்டுக்கு வருது, வக்கீலம்மா ஜட்ஜம்மா ஆயிட்டாங்க, ஆனா குறுக்கு விசாரணை இல்லாமத் தப்பிச்ச சாட்சி அந்த மாடு ஒண்ணுதானுங்க.