மோடத்தை பிரிட்ஜில் போட்ட நாள்

லோடு ஏற்றிய லாரி கேட்டில் நின்றது. இன்வாய்ஸ் வரவில்லை.

கார்களுக்கு பிரேக் பைப் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் மறைமலை நகர் ஹெட் ஆபீசில் ஐடி சப்போர்ட். ஒரகடம் டிஸ்பாட்ச் ஷெட்டிலிருந்து சூப்பர்வைசர் முருகேசன் போன் செய்தார். தூத்துக்குடிக்காரர், லேசில் பதறமாட்டார். அன்று பதறினார்.

"மேடம், இன்வாய்ஸ் போடுத கஸ்டமர் போர்ட்டல் தொறக்கு, உடனே கட்டாவுது. மத்தியானத்துக்குள்ள சரக்கு போகலன்னா அவுக பேக்டரி லைன் நின்னுரும்."

காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக விளக்கிவிடுகிறேன். வெளியிலிருந்து வரும் இணைப்பை வாங்கும் பெட்டி மோடம். அதை ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். இப்போது வரும் மோடங்கள் ரவுட்டர் வேலையையும் சேர்த்தே செய்கின்றன. நாங்களோ முந்தின நாள்தான் அந்த ஷெட்டில் தனியாக ஒரு ரவுட்டரும் மாட்டியிருந்தோம். ஒரே வேலைக்கு இரண்டு பேர், இணைப்பு குழம்பிவிட்டது. மோடத்தின் செட்டிங்கில் 'பிரிட்ஜ் மோடு' என்று மாற்றினால், அது பிரிக்கிற வேலையை விட்டுவிட்டு, ஒரு பாலம்போல வருவதை அப்படியே ரவுட்டரிடம் தள்ளிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

வைஃபை பாஸ்வேர்ட் மாற்றுவதற்காக அந்த செட்டிங் பக்கத்தை முருகேசன் பலமுறை திறந்திருக்கிறார். அதனால் சுருக்கமாகச் சொன்னேன்.

"மோடத்த பிரிட்ஜ்ல போட்டுருங்க."

"பிரிட்ஜ்லயா மேடம்?"

"ஆமா."

"அதான் சரி. காலையிலேர்ந்து அடுப்பு கணக்கா கொதிக்கு. எவ்வளவு நேரம் இருக்கணும்?"

"நேரமெல்லாம் இல்ல. இனிமே அப்படியே இருக்கட்டும்."

அடுப்பு என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை.

சற்று நேரத்தில் மறுபடியும் போன். "போட்டாச்சு மேடம். நெட்டு சுத்தமா போயிட்டு."

"மோடத்துல என்ன லைட் எரியுது?"

"மோடத்துல ஒண்ணும் எரியல. கதவத் தொறந்தா உள்ள மஞ்ச லைட்டு எரியுது."

"எந்தக் கதவு?"

"பிரிட்ஜு கதவுதான் மேடம். கேன்டீன் பிரிட்ஜு."

"வெளிய எடுங்க! கரண்ட் மட்டும் குடுத்துராதீங்க!" என்று கத்தினேன். ஆபீஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

மொபைல் நெட்டில் சமாளிக்கவும் வழியில்லை. கஸ்டமர் போர்ட்டல் எங்கள் ஃபிக்ஸ்டு ஐபிக்கு, அதாவது மாறாத எண் கொண்ட அந்த ஒரே இணைப்புக்குத்தான் திறக்கும். சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ பிடித்து ஒரகடம் ஓடினேன்.

கேன்டீன் வாசலிலேயே தேவகி அக்கா பிடித்துக்கொண்டார். சமையல் பொறுப்பு அவருடையது.

"இன்னா மேடம் இது? தயிரு வெக்கவே எடமில்ல. இத்த கொண்டாந்து மாவு மேல வெச்சிகீறாரு. கேட்டா ஹெட் ஆபீஸ் ஆர்டராம்!"

"நீங்கதான மேடம் சொன்னிய, இனிமே அங்கயே இருக்கட்டும்னு?" என்றார் முருகேசன்.

மோடத்துக்கு மேலெல்லாம் வியர்த்திருந்தது. திட்டிக்கொண்டே அதைத் துண்டால் துடைத்து, டேபிள் ஃபேன் முன்னால் பிடித்துக் காயவைத்தவர் தேவகி அக்காதான். நடுவில் பிளான்ட் மேனேஜரின் போன்.

"ரூட் காஸ் என்னம்மா? ஓவர் ஹீட்டிங்கா?"

"இல்ல சார். ஓவர் கூலிங்."

அவர் போனைக் கட் செய்துவிட்டார்.

நன்றாகக் காய்ந்த பிறகு, சாமியை வேண்டிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டேன். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. செட்டிங்கில் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றினேன். போர்ட்டல் திறந்தது, இன்வாய்ஸ் பிரின்ட் ஆனது, லாரி கேட்டைத் தாண்டியது. கஸ்டமர் லைன் நிற்கவில்லை.

நமக்குப் பழகிப்போன சொல் கேட்கிறவருக்கும் அதே பொருளில் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள். அன்றுமுதல் போனில் எதைச் சொன்னாலும், "நான் சொன்னத திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன்.

மறுவாரமே, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் மென்பொருளில் ஒரு வழி திறப்பதற்காக, முருகேசனிடம் அப்படிக் கேட்க வேண்டி வந்தது. "ஃபயர்வால்ல ஒரு போர்ட் ஓபன் பண்ணணும். எங்க, திருப்பிச் சொல்லுங்க?"

"சுவத்துல ஓட்ட போடணும். கொத்தனார வரச் சொல்லிட்டேன் மேடம்."

நான் பதறி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அப்புறம்தான் போனில் தேவகி அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது.