குளம் சுத்தமாக இருந்த குற்றம்

எங்கள் ஊர்க் குளத்துக்கு வந்துகொண்டிருந்த நிதி நின்றுபோனதற்கு நானும் ஒரு காரணம். இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

புதுச்சேரியில் பாகூர் பக்கம் எங்கள் ஊர். ஏரித் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு வர வேண்டும். குளம் நிறைந்தால்தான் சுற்றியுள்ள போர்க் கிணறுகளில் நல்ல தண்ணீர். நிறையாத வருடம் கடல்நீர் நிலத்தடியில் ஏறிவந்து தண்ணீர் உப்புக் கரிக்கும். என் இரண்டு காணி நெல்லும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது.

குளத்தைப் பார்த்துக்கொள்ள ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேர் குழுவாகச் சேர்ந்தோம். நகரத்து அமைப்பு ஒன்று மூன்று வருடம் நிதி தருவதாக ஒப்புக்கொண்டது. முதல் இரண்டு வருடத்தில் தூர் வாரினோம், கரையில் பனங்கொட்டை ஊன்றினோம். உடைந்து கிடக்கும் வாய்க்கால் கரைக்கு மூன்றாம் வருடம்தான் சிமெண்டுச் சுவர். அதற்காகத்தான் அத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்துத் தகவல் வந்தது. நிதி போதவில்லையாம், சில ஊர்களுக்கு நிறுத்தப் போகிறார்களாம், அமைப்பின் அதிகாரி நேரில் பார்த்து முடிவு செய்வாராம்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டை எப்படி வைப்போம்? அந்தப் புத்திதான் எங்களுக்கு. "வர்றவரு மூஞ்சி சுளிக்கக் கூடாது, கொளம் பளிச்சுனு இருக்கணும்" என்று கூட்டத்தில் சொன்னவளே நான்தான். நான்கு நாள் அவரவர் வேலையைப் போட்டுவிட்டு, முட்டிச் சேற்றில் இறங்கி ஆகாயத்தாமரையை வாரிக் கொட்டினோம். கரையைப் பெருக்கிச் சாணம் தெளித்துக் கோலமும் போட்டோம். என் மூளையை எங்கே கொண்டுபோய் வைத்திருந்தேனோ.

அரியாங்குப்பத்தில் டிராஃபிக் என்று அதிகாரி தாமதமாக வந்தார். இளநீர் குடித்தார். "சூப்பர்மா" என்றார். வாய்க்கால் உடைப்பு இரண்டு கழனி தள்ளி இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டோம். வரப்பைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார். "போட்டோ அனுப்புங்க, போதும்" என்று சொல்லிவிட்டுக் கோலத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. குளம் நல்ல நிலையில் இருக்கிறதாம். ஊர் மக்களே பராமரித்துக்கொள்ளும் திறமை பெற்றுவிட்டார்களாம். அதனால் நிதியை வேறு ஊருக்கு மாற்றுகிறார்களாம்.

அதிகாரிக்குப் போன் போட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அதுவே எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"மோசமா இருக்கிற ஊருக்குத்தான்மா முதல்ல. அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பம் போடுங்க. அதுவரைக்கும் குளத்த ரொம்ப சுத்தம் பண்ணாம, அப்படியே விட்டு வைங்க. போட்டோவுல தெரியணும்ல."

"இன்னா சார் பேசறீங்க? கொளத்த அழுகவுட்டாதான் காசு குடுப்பீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலைம்மா."

வேறு எப்படிச் சொன்னாராம்?

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. ஏரியிலிருந்து வந்த தண்ணீர் உடைப்பில் இறங்கி, ஓடைக்குப் போய், கடலுக்கே போனது. குளத்தில் கணுக்கால் அளவுகூட நிற்கவில்லை. பக்கத்துக் கழனிக்காரர் தன் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். அதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

மறுநாள் காலையில் பன்னிரண்டு பேரும் யூரியா சாக்குகளில் மண் நிரப்பி உடைப்பில் அடுக்கினோம். இன்னொரு பெருமழைக்கு அது தாங்காது என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் மதியத்துக்குள் தண்ணீர் குளத்தின் பக்கம் திரும்பியது. குழுவில் இருக்கும் என் ஓரகத்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"எல்லாரும் இப்பிடித் திரும்புங்கக்கா. குரூப்புல போடலாம்."

அந்த வாட்ஸ்அப் குரூப்பில் அதிகாரியும் இருக்கிறார்.

"உள்ள வைடி போன!" என்று கத்தினேன். "இதப் பாத்தா, அவங்களே கட்டிக்கினாங்கன்னு எழுதிடுவானுங்க. அடுத்த வருஷமும் சுவரு வராது."

அவள் முகம் சுருங்கிப் போனது. போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். எங்கள் தண்ணீரை எங்கள் குளத்துக்குத் திருப்பிவிட்ட நாங்கள், யாராவது பார்த்துவிட்டார்களா என்று சாலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, திருட வந்தவர்களைப் போல வரப்பில் இறங்கி வீட்டுக்கு நடந்தோம்.