சுவர் முடிகிற இடம்

உங்கள் வீட்டைக் காக்க நீங்கள் கட்டும் சுவர் பக்கத்து வீட்டுக்காரியின் சோற்றைப் பறிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், கட்டுவீர்களா?

அவசரப்பட்டு "மாட்டேன்" என்று சொல்லாதீர்கள். ரக்கேராவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், அதுவும் ஊர் ஊராகப் போய்.

அவளுடைய உத்தியோகமே அதுதான். பசிபிக் பெருங்கடலின் கிரிபாஸ் தீவுகளில் கடல் ஏறிவரும் கரைகளில் எதை நடலாம், எதைக் கட்டக் கூடாது, எந்த வீட்டை எவ்வளவு உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்று ஊர்ச் சபைகளுக்குச் சொல்ல வேண்டும். பிஜித் தீவின் சுவாவில் போய்ப் படித்தவள். ஆனால் படித்த கர்வத்தைச் செருப்போடு சேர்த்துப் படகிலேயே விட்டுவிட்டு, அளவுக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கிவிடுவாள். அலையைத் தடுக்கும் கண்டல் கன்று நடச் சொல்லுவாள். கரையிலிருந்து பவளக் கல்லைப் பெயர்க்கிறவர்களைத் திட்டுவாள். சுவர் வேண்டும் என்று யாராவது கேட்டால் போதும், மணலில் குச்சியால் கோடு கிழித்து ஆரம்பித்துவிடுவாள்:

"சுவருக்கு ரெண்டு முனை இருக்கு. நடுவுல இருக்கிறவன் நல்லாத் தூங்குவான். முனையில இருக்கிறவன் வீட்டுக்குள்ள கடல் வந்து உக்காந்துக்கும். இங்க யாரு முனையில இருக்கப் போறீங்க? கையத் தூக்குங்க."

யாரும் கை தூக்க மாட்டார்கள். அதனால் அவளுக்கு "முனைக்காரி" என்று பெயர். அவள் படகு கண்ணில் பட்டாலே, "முனைக்காரி வர்றா, கல்லை ஒளிச்சு வைங்கடா" என்று கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். அவள் தடுத்து நிறுத்திய சுவர்கள் பல. அந்த ஊர்களில் இன்றும் கரை இருக்கிறது.

பிறகு எங்கள் ஊரின் முறை வந்தது. ரக்கேரா பிறந்த ஊர்.

வெளிநாட்டு உதவிக் குழு ஒன்று எங்கள் காயல் கரைக்குப் பணம் ஒதுக்கியிருந்தது. எப்படிச் செலவு செய்வது என்பதை ரக்கேரா முடிவு செய்ய வேண்டும். சுவர் கிடையாது, கண்டல் வரிசையும் பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையை உள்ளே மாற்றுவதும் போதும் என்று அவள் மனத்தில் ஏற்கனவே முடிவாகியிருந்தது. அதைச் சபையில் சொல்வதற்கு முன்னால் தாய்மாமன் பரானிக்கோவைப் பார்க்கப் போனாள். அப்பா இல்லாத பெண்ணைக் கொப்பரை வெட்டிக் காயவைத்துப் படிக்க வைத்தவர் அவர்தான். சாயங்காலக் கள்ளை இறக்கிக்கொண்டு மரத்திலிருந்து இறங்கியவர், தேங்காய்ச் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார்.

"ரக்கேரா, உன்கிட்ட ஒரு புபுசி."

எங்கள் ஊரில் உறவுக்காரன் முகத்துக்கு நேரே "புபுசி" என்று சொல்லிக் கேட்டுவிட்டால் கொடுத்தாக வேண்டும். சைக்கிளோ வலையோ பெற்ற பிள்ளையோ, எது கேட்டாலும் சரி. கேட்பதில் வெட்கம் இல்லை. மறுத்தவனுக்குத்தான் வெட்கம். அவன் சபையில் தலை நிமிர்த்த முடியாது, அவன் பிள்ளைகளும் நிமிர்த்த முடியாது. இதை மூடப்பழக்கம் என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. மண்ணே இல்லாத மணல் திட்டில், மழை பொய்த்த வருடங்களில், ஒருவன் குழியில் விளைந்த கிழங்கு ஒன்பது பேர் வயிற்றுக்குப் போனதால்தான் நாங்கள் இருக்கிறோம். ஆனால் பசிக்காக உண்டான வழக்கம் அது. கடலுக்கு உறவுமுறை தெரியாது.

"வேற என்ன வேணும்னாலும் கேளுங்க மாமா," என்றாள்.

"வேற என்னத்தக் கேக்க? உன் மோட்டார் சைக்கிளையா? அதுல உக்காந்தா என் முட்டி காதுல இடிக்குது." அவர் சிரிக்கவில்லை. கையைக் கரைப்பக்கம் நீட்டினார். "அங்க எங்க அப்பா படுத்திருக்கார். போன ஓதத்துல தண்ணி ஏறி, தலைமாட்டுக் கல்லு சாஞ்சிருச்சு. கடல் அவர் எலும்பைப் பொறுக்கிட்டுப் போறத நான் உக்காந்து பாக்கணுமா? என் நிலத்துக்கு முன்னால ஒரு சுவர். அவ்வளவுதான்."

அரசாங்கம் ஒத்துக்கொள்ளாது என்று அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உண்மையையே சொல்லியிருக்கலாம்: "உங்க நிலம் முடியற எடத்துல தெகினே அக்கா நிலம் தொடங்குது மாமா. அவங்க கிழங்குக் குழியில கடல் பூந்துரும்." இரண்டையும் சொல்லவில்லை. "சரிங்க மாமா" என்றாள்.

எங்கள் நிலங்கள் பெருங்கடலிலிருந்து காயல் வரை பட்டை பட்டையாக, தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கும். பரானிக்கோவின் பட்டைக்கு அடுத்த பட்டை தெகினேயுடையது. பாய் முடைந்து பிழைக்கும் விதவை, ரக்கேராவுக்குத் தூரத்து உறவு. ஒரே மகன் கப்பலில் இருக்கிறான். அவளிடம் இரண்டு பபாய்க் குழிகள் இருந்தன. பபாய் என்றால் ஆளுயரம் வளரும் பெருஞ்சேம்பு. மணலுக்கு அடியில், உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மழைநீர் மிதக்கும். அதைத் தொடும் வரை குழி வெட்டி, இலையும் தழையும் போட்டு, வருடக் கணக்கில் வளர்க்க வேண்டும். எந்தத் தழையை எப்போது போடுவது என்பது ஒவ்வொரு குடும்பத்தின் ரகசியம். விருந்தாளிக்கும் கல்யாணத்துக்கும் பபாய் வைக்காத வீடு மானமுள்ள வீடு இல்லை. காயல் பக்கத்துக் குழியில் மகன் கல்யாணத்துக்கென்றே சிலதைத் தொடாமல் வளர்த்துக்கொண்டிருந்தாள் தெகினே.

சிமெண்ட் கலந்த மணல் மூட்டைகளை அடுக்கிச் சுவர் எழுந்தது. ரக்கேரா முனையைச் சற்று வளைத்து, சிறு கற்களைச் சரித்துப் போட்டாள். இப்படிச் செய்தால் பாதிப்பு குறையும் என்று கூட வேலை செய்தவர்களிடம் சொன்னாள். கொஞ்சம் குறையும்தான். நின்றுவிடாது என்பதும் அவளுக்குத் தெரியும். வேறு எந்த ஊரிலாவது வேறு எந்த அதிகாரியாவது இப்படிச் செய்திருந்தால் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டிருப்பாள்.

இரண்டாம் வருடத்துப் பெரிய ஓதத்தில் கடல் சுவரில் மோதி, வழுக்கி, முனையைச் சுற்றி வந்து தெகினேயின் கரையைத் தின்றது. மூன்றாம் வருடம் காயல் பக்கத்துக் குழிக்குள் இறங்கியது. பபாய் இலைகள் மஞ்சளாகி, பிறகு கறுத்து, தண்டோடு மடங்கின. கிழங்கைத் தோண்டினால் கையில் கூழாக வந்தது. உள்ளே தள்ளி, கிழங்கு இன்னும் முற்றாத இன்னொரு குழி மிச்சம் இருந்தது. அடுத்த பெரிய ஓதம் அதே முனையைச் சுற்றிக்கொண்டு வந்தால் அதுவும் போகும். அதைத் தடுக்க ஒரே வழி, சுவரின் கடைசித் துண்டை இடித்து, கடல் முனையைச் சுற்றாமல் பரந்து வரும்படி விடுவது. சொல்ல வேண்டியவள் ரக்கேரா. சொன்னால் ஏன் கட்டினாய் என்ற கேள்வி வரும்.

அவள் ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். வந்தாலும் பெருங்கடல் பக்கமாகச் சுற்றிப் போவாள், தெகினே வீட்டு வாசல் படாமல் இருக்க. பபாய் சாப்பிடுவதை விட்டாள். வயிற்றுக் கோளாறு என்று காரணம் சொன்னாள். ஒரு தடவை தேவாலய வாசலில் தெகினே பிடித்துக்கொண்டாள். கத்துவாள் என்று ரக்கேரா நின்றாள். "ஏம்மா இப்படி இளைச்சுப் போயிட்ட? வந்து ஒரு வாய் மீனாவது தின்னுட்டுப் போ," என்றாள் தெகினே. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் ரக்கேராவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பெண்ணை அவமானப்படுத்தக் கூடாது என்ற பெருந்தன்மை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம். குழி இழந்த பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதற்கு வேறு பெயர்.

அந்த நிலையில்தான் உதவிக் குழு சுவரைப் பார்வையிட வந்தது. ரக்கேராதான் மொழிபெயர்ப்பு. குழுத் தலைவர் சுவரின் மேல் நடந்து பார்த்தார். ஒரு விரிசல் கூட இல்லை. பக்கத்துத் தீவுகளிலும் இதே மாதிரி கட்டலாம் என்று தம் ஆட்களிடம் சொன்னார். சுவர் முடிகிற இடம் வரை நடந்து, அங்கே நின்று, திரும்பி வந்தார். முனைக்கு அப்பால் ஒரு எட்டு எடுத்து வைக்கவில்லை.

மத்தியானம் சபைக் கூடத்தில் விருந்து. அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் கூரையின் இன்ன கைமரத்தின் கீழ் என்று பரம்பரை இடம் உண்டு. ரக்கேராவின் இடம் மாமனுக்குப் பின்னால். பரானிக்கோ எழுந்து சுவரைப் புகழ்ந்தார், தன் மருமகளைப் புகழ்ந்தார். அவள் அதை ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தாள், பாயைப் பார்த்துக்கொண்டே. பிறகு வீடு வீடாகத் தட்டு வந்தது. எல்லாத் தட்டிலும் பபாய், தென்னம்பாகு ஊற்றியது. தெகினேயின் தட்டில் கடையில் வாங்கிய அரிசிச் சோறு. வெறும் சோறு. அவள் அதை விருந்தாளிகளின் முன் வைத்துவிட்டு, மன்னிக்க வேண்டும் என்று குனிந்தாள்.

கூடம் முழுவதும் தலை தொங்கியது. குழுத் தலைவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. சோற்றை எடுத்துச் சாப்பிட்டு, மிக நன்றாக இருக்கிறது என்றார். ரக்கேரா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

தெகினே தன் இடத்துக்குத் திரும்பாமல் நடுக்கூடத்திலேயே உட்கார்ந்தாள்.

"ரக்கேரா, நான் உன்கிட்ட இதுவரைக்கும் ஏதாவது கேட்டிருக்கேனா?"

"இல்லக்கா."

"இப்பக் கேக்கறேன். இது புபுசி. என் தட்டுல ஏன் பபாய் இல்லன்னு அவங்ககிட்டச் சொல்லு. அவங்க பாஷையிலயும் சொல்லு, நம்ம பாஷையிலயும் சொல்லு. எனக்குப் புரியணும்."

முதலில் அவர்கள் மொழியில் சொன்னாள். அந்த மொழியில் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது: சுவர் முனை அரிப்பு, எதிர்பார்க்கத்தக்க பக்க விளைவு, வடிவமைப்பில் குறை. படித்த சொற்கள் அவள் முகத்தை மூடிக்கொண்டன. பிறகு எங்கள் மொழிக்குத் திரும்பினாள். அதில் அப்படிச் சொற்கள் கிடையாது.

"தெகினே அக்காவோட குழியக் கடலுக்குக் குடுத்தது நான்தான். மாமா கேட்டாரு, மறுக்க வெக்கப்பட்டேன். கோடு போடும்போதே எனக்குத் தெரியும்."

பரானிக்கோ திரும்பிப் பார்க்கவில்லை.

குழுத் தலைவர் துணிச்சலான பேச்சு என்று பாராட்டினார். முனையை இடிக்க உதவுவீர்களா என்று ரக்கேரா கேட்டாள். இந்தத் திட்டத்தில் கட்டுவதற்கு மட்டும்தான் ஒதுக்கீடு, இடிப்பதற்கு இல்லை என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர் நாட்டில், கடலை உயர்த்துகிற நிலக்கரியை வெட்டுவதற்கு ஒதுக்கீடு இருக்கிறது, நிறுத்துவதற்கு இல்லை. அதற்காக யாரும் அவர் முன் வெறும் சோற்றுத் தட்டை வைத்ததில்லை.

அடுத்த நாள் கடல் வற்றிய நேரத்தில் ரக்கேரா கடப்பாரையோடு போனாள். தெகினே போனாள். பிறகு ஒவ்வொருவராக நாங்கள் போனோம். மூட்டைகள் கல்லாக இறுகியிருந்தன. பரானிக்கோ, சுவர் முனைக்குப் பின்னால் இருந்த தன் அப்பாவின் சமாதியருகே வந்து நின்றார்.

"முனைக்காரி, எங்க அப்பாவ என்ன பண்ணப் போற?"

"எடுத்து உள்ள வைப்போம் மாமா, எங்கம்மா சமாதி பக்கத்துல. இதை நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்." கடப்பாரையைக் கீழே போட்டாள். "இது என் புபுசி."

அவர் திரும்பி வீட்டுக்கு நடந்தார். மறுக்க முடியாதல்லவா? ஒரு வாரம் கழித்து அவரே மண்வெட்டியோடு வந்து தன் கையால் தோண்டினார். அவளை உதவிக்குக் கூப்பிடவில்லை. இன்று வரை பேசுவதுமில்லை. சபையில் அவள் அவருடைய முதுகைப் பார்த்தபடிதான் உட்காருகிறாள்.

உள்ளேயிருக்கும் குழி அடுத்து வந்த பெரிய ஓதத்தில் தப்பியது. செத்த குழியிலிருந்து உப்பு கரைந்து போக எத்தனை மழை வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. தெகினே மகன் கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறாள். ரக்கேரா இப்போதும் ஊர் ஊராகப் போகிறாள். மணலில் குச்சியால் கோடு கிழிப்பதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறாள், தன் பெயரோடு. சொல்லும்போதெல்லாம் காது மடல் சிவக்கிறது. வெட்கம் அவளுக்குப் பழகவே இல்லை. தெகினே வீட்டு வாசலை இன்னமும் சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.

எனக்கு ஆத்திரம் இங்கேதான். ஒரு குழியைக் கெடுத்தவள் வாழ்நாள் முழுவதும் குனிந்து நடக்கிறாள். கடலையே உயர்த்தியவர்கள் நிமிர்ந்து நடக்கிறார்கள், விருந்துக்கும் வருகிறார்கள். வெட்கம் என்பது அவரவர் செய்த கேட்டின் அளவுக்குப் பங்கிடப்படும் பொருளாக இருந்தால், ரக்கேராவின் பங்கு ஒரு சிரட்டைக்குக் கூட வராது.

உங்கள் ஊர்க் கரையிலும் நாளை கல் கொட்ட வருவார்கள். கூட்டம் போடுவார்கள், படம் காட்டுவார்கள். தயவுசெய்து அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். சுவர் எவ்வளவு நீளம், எவ்வளவு உறுதி என்று மற்றவர்கள் கேட்கட்டும். நீங்கள் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது எங்கே முடிகிறது, அங்கே இருப்பது யார்? பதில் வரும் வரை உட்காராதீர்கள். முகத்துக்கு நேராகக் கேட்கிறேன், இது எங்கள் ஊரின் புபுசி.