கூட்டிப் போட்ட ஏழு நாள்

சிந்தாமணி அக்காவைப் பற்றி எழுதுவதற்கு எங்கள் ஆபீசில் என்னை விட்டால் ஆள் கிடையாது. மற்றவர்கள் எல்லாம் இன்ஜினியர்கள். நான்கு வரி தமிழில் எழுதச் சொன்னால் நாற்பது நிமிஷம் தலையைச் சொறிவார்கள்.

என் பெயர் கீதாஞ்சலி. அரியலூரில் ஓர் உரக்கடை மாடியில் இருக்கிற ‘வரகு செமிகண்டக்டர்ஸ்’ கம்பெனியில் கடிதம் அடிப்பது, கூரியர் அனுப்புவது, டீ சொல்வது, சண்டை விலக்குவது எல்லாம் நான்தான். கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். மொத்தம் ஆறு பேர், யூரியா வாசனை இலவசம்.

நாங்கள் டிசைன் செய்வது கம்ப்யூட்டருக்கு மூளையாக இருக்கிற பிராசசர் சிப். உலகத்துப் பெரிய கம்பெனிகள் எல்லாம் வேகம், இன்னும் வேகம் என்று ஓடி, சிப் சூடாகி, அதற்கு ஃபேன் வைத்து, அந்த ஃபேனுக்கும் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் சிப்பின் ஒரே திறமை தூங்குவது. மணிக்கு ஒரு தடவை எழுந்து, கொடுத்த வேலையை முடித்துவிட்டு, மறுபடி படுத்துக்கொள்ளும். பொத்தான் அளவு பேட்டரியில் இரண்டு வருஷம் ஓடும். எங்கள் ஓனர் செந்தில்குமார் சார் பெங்களூரில் ஒரு ராட்சசக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் தூங்காமல் உழைத்துவிட்டு வந்து கண்டுபிடித்த தத்துவம் இது.

சிந்தாமணி அக்கா திருமானூர்க்காரர். நாற்பத்தொரு வயது, எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. ஒரு சிமெண்ட் ஆலையில் பதினொரு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தார். அங்கே அவர் கையெழுத்துப் போட்ட ஒரே இடம் வருகைப் பதிவேடு. வரகுக்கு வந்த பிறகுதான் டெஸ்ட் ரிப்போர்ட்டில் ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் அவர் பெயர் ஏறியது. முதல் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து லாரி ஓட்டப் போன புருஷனுக்கு அனுப்பினார். அவர் ஒரு கட்டைவிரலை மட்டும் திருப்பி அனுப்பியதற்கு அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

“இந்த வேலை போச்சுன்னா ஸ்ரீபெரும்புதூர்ல ஹாஸ்டல்ல தங்கித்தான் வேலை பாக்கணும் கீதா. பூங்குழலி பத்தாவது படிக்கிறா, அவள வுட்டுட்டு எப்புடிப் போவேன்?” என்று மகளை நினைத்துச் சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

போன வருஷம் பெங்களூர்க் கம்பெனி ஒன்று எங்கள் சிப்பைக் கேட்டது. மாட்டுக் கழுத்தில் ஒரு பட்டை கட்டுவார்களாம். மாடு ஒழுங்காக அசை போடுகிறதா என்று சிப் மணிக்கொரு தடவை எழுந்து பார்த்துச் சொல்லுமாம். இதற்கு ஒரு பெரிய கம்பெனியும் போட்டி. எங்களுக்கோ இது கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஏழு நாள் தொடர்ந்து ஓட்டிப் பார்த்த ரிப்போர்ட் கேட்டார்கள். அக்கா ஓட்டினார், கையெழுத்துப் போட்டார், அனுப்பினோம். கூடவே பத்து சிப்பும் போயின.

அவர்கள் ஓட்ட ஆரம்பித்த நான்காம் நாள், ஒரு திங்கட்கிழமை, அந்தப் பெங்களூர்க் கம்பெனியின் சிவரஞ்சனி மேடம் வீடியோவில் வந்தார். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை.

“மூணாவது நாளு பத்தும் தூங்கிருச்சு. எந்திரிக்கவே இல்ல. மாடு அசை போட்டுக்கிட்டேதான் இருக்கு. ஏழு நாள் ஓட்டுனோம்னு எழுதியிருக்கீங்களே, எப்படி?”

செந்தில்குமார் சார் அசரவில்லை. “உங்க போர்டுல வோல்டேஜ் பிரச்சினையா இருக்கும் மேடம்” என்று வாய் கூசாமல் ஆரம்பித்தார். அக்கா பின்னால் நின்று நெற்றியைச் சுருக்கி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று முன்னால் வந்தார்.

“மேடம், தப்பு எங்களுதுதாங்க. நான் கூட்டிப் போட்டுட்டேன்.”

நடந்தது இதுதான். அக்கா குடும்பத்துக்குத் திருமானூரில் ஒரு பங்குக் கிணறு இருக்கிறது. நான்கு பங்காளிகள், ஆளுக்கு ஆறு மணி நேரம் தண்ணீர் முறை. உங்கள் முறையில் கரண்ட் போனால் மணி அங்கேயே நிற்கும். வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து எண்ண வேண்டும். கரண்ட் இருந்த நேரம்தான் நேரம். பிறந்ததிலிருந்து அந்தக் கணக்கிலேயே வளர்ந்தவர், சிப்பையும் அப்படியே ஓட்டியிருக்கிறார். எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் அணில் ஏறினாலும் கரண்ட் போகும், வானம் கறுத்தாலும் போகும். போன நேரத்தைக் கழித்து, இருந்த நேரத்தைக் கூட்டி, நூற்று அறுபத்தெட்டு மணி வந்ததும் ஏழு நாள் என்று எழுதிவிட்டார். இந்த ஊரில் யாருக்குமே அது தப்பாகத் தோன்றவில்லை. ரிப்போர்ட்டை டைப் அடித்த எனக்கும் தோன்றவில்லை.

சிப்புக்குள் நேரத்தை எண்ணுகிற இடம் ஒன்று இருக்கிறது. மூன்று நாளில் அது நிரம்பிவிடும். நிரம்பினால் எழுப்புகிற வேலை நின்றுபோகும். இங்கேயோ ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய், சிப் புதுசாகப் பிறந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷம் பேட்டரியில் ஓடும் என்று தம்பட்டம் அடித்த ஆறு புத்திசாலிகளில் ஒருத்தருக்காவது அதைப் பேட்டரியில் ஓட்டிப் பார்க்கத் தோன்றியதா? அளக்கிற மெஷின் பிளக்கில் செருகியிருந்தது, அதனால் சிப்பையும் பிளக்கில் செருகிவிட்டோம். தூ!

மேடம் சொன்னார்: “அடுத்த திங்கள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணி, உண்மையான ஏழு நாள் ரிப்போர்ட் குடுங்க. இல்லன்னா நாங்க பெரிய கம்பெனிக்கே போயிடறோம்.”

திரை அணைந்ததும் சார் எகிறினார். “யாரு உங்களப் பேசச் சொன்னா? நான் சமாளிச்சுக்கிட்டு இருக்கேன்ல?”

“சார், அத தெனமும் ஒரு தடவ தானா அணைஞ்சு எந்திரிக்கச் சொல்லிட்டா போதும். எண்ணிக்கை நெறையவே நெறையாது.”

“சிப்பு தனக்குத்தானே கரண்ட் கட் பண்ணிக்கணுமா? வெளிய சொன்னா வழிச்சுக்கிட்டு சிரிப்பானுவ. நீங்க கொஞ்ச நாள் வூட்டுலயே இருங்க. கூப்புடுறேன்.”

‘கூப்பிடுகிறேன்’ என்றால் என்ன அர்த்தம் என்று பதினொரு வருஷம் கான்ட்ராக்டில் இருந்தவருக்குத் தெரியாதா?  ஆனால் அக்கா அழவில்லை. சிப்புக்குப் புரோகிராம் எழுதும் முத்தமிழ் அண்ணனிடம் போய் ஏதோ சொன்னார். அவர் சார் முதுகைப் பார்த்துக்கொண்டே நான்கு வரி தட்டி ஒரு சிப்பில் ஏற்றிக் கொடுத்தார். அதைப் போர்டோடும் பேட்டரியோடும் டிபன் பையில் போட்டுக்கொண்டு அக்கா பஸ் ஏறிவிட்டார். கம்பெனிச் சொத்தைத் திருடியதற்கு நானும் உடந்தை என்பதை இங்கே பெருமையோடு ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வாரம் சார் தன் வழியில் சிப்பைச் சரிசெய்யப் போய், அது இரண்டாம் நாளே எழாமல் படுத்துவிட்டது. திங்கட்கிழமை காலையில்தான் முத்தமிழ் அண்ணன் உண்மையைக் கக்கினார். சார் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு திருமானூருக்கு விரட்டினார். போகும்போதே மடியில் லேப்டாப்பை வைத்து ரிப்போர்ட்டை அடிக்கச் சொன்னார். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கி அடித்தேன்.

அக்கா வீட்டுச் சமையலறையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் போர்டு இருந்தது. சுவரில் ஒரு காலண்டர் தாள். மணிக்கு ஒரு தடவை சிப் எழுந்து போர்டில் லைட் மின்னியதற்கு ஒவ்வொரு கோடு. அக்கா தூங்கிய நேரத்துக்குப் பூங்குழலியின் பழைய செல்போன் வீடியோ எடுத்திருக்கிறது.

சாருக்கு வாயெல்லாம் பல். “ஓடுதே! சிந்தாமணி, கையெழுத்துப் போடுங்க. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்.”

“செவ்வாக்கெழம காலைல ஒம்பது மணி பத்து நிமிஷத்துக்கு ஆரம்பிச்சேன் சார். இன்னும் இருவது மணி நேரம் இருக்கு.”

“ஆறு நாள் ஓடுனது ஏழாவது நாள் ஓடாதா? உங்க வேலையும் இதுலதான் இருக்கு, பாத்துக்குங்க. போன தடவ மட்டும் கூட்டிப் போட்டீங்களே?”

“அதனாலதாங்க சார் இந்தத் தடவ மாட்டேங்கறேன்.”

 போட்டுத் தொலையேன் அக்கா, உன் பெண்ணை நினைத்துப் பார் என்று என் மனசு அடித்துக்கொண்டது.  அக்கா சாரின் போனை வாங்கி மேடத்தைக் கூப்பிட்டார்.

“மேடம், சிந்தாமணி பேசறேங்க. ஆறு நாளு நாலு மணி நேரம் ஓடியிருக்கு. ஏழு ஆவல. நாளைக்கு ஒம்பது பத்துக்கு ஆவும். தெனம் ஒரு தடவ அதுவா அணைஞ்சு எந்திரிக்குது, அதையும் எழுதித் தருவேன். முடியாதுன்னா சொல்லிடுங்க.”

 சார் தலையில் கை வைத்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

“நாளைக்கே அனுப்புங்க” என்றார் மேடம்.

மறுநாள் ஒன்பது பத்துக்கு லைட் மின்னியது. அக்கா கையெழுத்துப் போட்டார். பத்து நாள் கழித்து ஆர்டர் வந்தது, ஒரு நிபந்தனையோடு: இனி வரும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் எல்லாம் சிந்தாமணியின் கையெழுத்து இருக்க வேண்டும், ஓனர் கையெழுத்து அவசியமில்லை. செந்தில்குமார் சார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, அக்காவிடம் நீங்களே கொடுத்துவிடுங்கள் என்று என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவரையே எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கச் சொன்னேன்.