விசாரணை அறைச் சம்பந்தி

கைவிலங்கைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் அவர் பேசவே ஆரம்பிப்பார். அடுத்து, "சாப்பிட்டீங்களா?" இல்லை என்று பதில் வந்தால், சாப்பாடு வந்து சேரும்வரை வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முதுகுவலி, மழை, பிள்ளைகளின் படிப்பு என்று பேச்சு ஊரைச் சுற்றும். எத்தனை முறை உள்ளே வந்த திருடனானாலும் 'நீங்க'தான்.

பெண் கேட்டு வந்தவர் மாதிரி ஒரு இன்ஸ்பெக்டர் விசாரித்துக்கொண்டிருந்தால் சக போலீஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? 'சம்பந்தி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. "மாப்பிள்ளைங்கதான் சரியில்ல" என்பார்.

ஆள் ஆஜானுபாகு. கதவு நிறைய நிற்பார். அவர் எழுந்தாலே கைதிகள் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்கள். அது அவருக்குக் கூச்சம். அதனால், "எழுந்திரிக்கப் போறேன், பயந்துக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் எழுவார்.

அடிக்காமல் எப்படி என்று கேட்கும் புதியவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: "அடிச்சா வாய் தொறக்கும்பா. வர்றது உண்மையா, வலியான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

போன வருடம் சந்தையில் குண்டு வெடித்தது. சந்தேகத்தில் ஓர் இளைஞனைப் பிடித்து வந்தார்கள். இன்னொரு குண்டு எங்கோ இருக்கிறது என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தி காலையிலிருந்து அவனோடு உட்கார்ந்திருந்தார். மதியம்தான் அவன் தன் அம்மாவின் மூச்சிரைப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து மேலதிகாரி வந்து, கதை போதும் என்றார். இன்று ஒரு நாள் கொடுங்கள் என்று சம்பந்தி கதவருகே நின்று கெஞ்சினார்.

"இன்னொண்ணு வெடிச்சா நீ போய் பதில் சொல்றியா?"

சம்பந்தி கதவை விட்டு நகர்ந்து நின்றார். பையனைக் கீழ்த்தளத்துக்கு இழுத்துப்போனார்கள்.

சாயங்காலத்துக்குள் ஒரு பெயர் கிடைத்தது. பையனின் தெருவிலேயே குடியிருக்கும் பள்ளி வேன் ஓட்டுநர். அவரையும் அள்ளி வந்து அதே கீழ்த்தளத்தில் வைத்தார்கள். கடைசியில் இரண்டாவது குண்டு என்று ஒன்று இருக்கவேயில்லை. அடி நிற்கட்டும் என்று, வாயில் வந்த முதல் பெயரைச் சொல்லியிருக்கிறான் பையன். ஓட்டுநர் வீடு திரும்பினார். விரல்கள் மட்டும் மடங்க மறுத்தன. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை.

துறை விசாரணையில் சம்பந்தி கேட்டதையும் பார்த்ததையும் மறைக்காமல் சொன்னார். ஊரே காய்ச்சல் கண்டிருந்தபோது இவர் ஒருவர்தான் யோக்கியர் என்று சொல்லிக்கொள்கிறாரா என்று சகாக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டிலும் நிம்மதி இல்லை. அவர் மகள் நர்ஸ். சந்தையில் அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டவள்.

"அந்தச் சந்தையில நான் இருந்திருந்தா என்னப்பா செஞ்சிருப்பீங்க?"

"நானே அடிச்சிருப்பேன் போலம்மா. அதனாலதான் அந்த முடிவு ஒரு அப்பன் கையில இருக்கக் கூடாது."

மகளுக்கு அது போதவில்லை. தட்டோடு எழுந்துபோய்விட்டாள். இன்றுவரை அந்தப் பேச்சு அப்படியே அந்தரத்தில் நிற்கிறது.

இப்போது அவருக்குத் தொலைந்துபோன சான்றிதழ்களுக்குப் புகார் வாங்கும் வேலை. வருகிறவர்களிடம் அங்கேயும் உடம்பு எப்படி என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். வரிசை நகர்வதில்லை என்று முணுமுணுப்பு.

விடுமுறை நாட்களில் ஓட்டுநரின் வீட்டுக்குப் போகிறார். முதல் தடவை ஓட்டுநரின் மனைவி முகத்தைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினாள். அடுத்த தடவையும் அப்படியே. போன வாரம் சாத்தவில்லை, வழியும் விடவில்லை. வாசலுக்கு வெளியே நின்றபடியே, உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த ஓட்டுநருக்குக் கேட்கும்படி சொன்னார்.

"அந்தப் பையன் வாயிலேருந்து உங்க பேரு வந்ததுக்கு நானும் காரணம். மறிச்சு நின்னிருக்கணும். நகர்ந்துட்டேன்."

ஓட்டுநரின் கைகள் மடியில் விரிந்தபடியே கிடந்தன. மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். சம்பந்தி வெயிலில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

ஓட்டுநர் வலது காலை நீட்டி, பக்கத்தில் கிடந்த முக்காலியை மெல்ல வாசல் பக்கமாகத் தள்ளினார்.