வாசலில் வளர்த்த புல்

புல்லை எனக்குப் பிடிக்காது. டென்மார்க்கில் இத்தனை காலம் இருந்தும் பிடிக்கவில்லை. சனிக்கிழமை காலையில் குனிந்து நின்று, பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல் புல்லைத் தடவிப் பார்க்கிற ஆட்களைக் கண்டால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் இல்லாமல் இல்லை.

ஹேர்னிங்கில் துணி ஆலையொன்றில் வேலை கிடைத்ததும், மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது விட்டுவிட்டு வந்தவன் நான். குடும்பத்தைக் கூப்பிடுகிறவனுக்கு வீடு இருக்க வேண்டும் என்றார்கள். நாலு பேரோடு ஓர் அறையில் கிடந்தவன் வீட்டுக்கு எங்கே போவது? அலைந்து திரிந்து, நகரத்தின் ஓரத்தில் ஒரு செங்கல் வீட்டைப் பிடித்தேன். வீட்டுச் சொந்தக்காரர் பக்கத்து வீட்டில் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உயிர்வேலிக்கு மேலால் அவருடைய தலை மட்டும் எந்நேரமும் தெரியும்.

ஒப்பந்தத்தில் வீட்டுக்கு ஒரு பக்கம், தோட்டத்துக்கு இரண்டு பக்கம். கிழமைக்கு ஒரு தரம் புல் வெட்ட வேண்டும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு இயந்திரச் சத்தம் கேட்கக் கூடாது. ஜூன் மாதத்து நெருப்புத் திருநாளுக்கு முன் வேலியைக் கத்தரித்திருக்க வேண்டும். மஞ்சள் பூக் களைகளை வேரோடு கிண்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைத்தேன். கூரையில் நெல் விதைக்கச் சொல்லியிருந்தாலும் வைத்திருப்பேன்.

ஏப்ரலில் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. கொழும்பிலுள்ள தூதரகத்தில் தன்னுடைய படத்தையும் மகளுடைய படத்தையும் கேட்டு வாங்கினார்கள் என்று எழுதியிருந்தாள். ஆலையில் என்னோடு நின்ற யாழ்ப்பாணத்துப் பெடியனிடம் காட்டினேன்.

"படம் கேட்டவையோ? அப்ப முடிஞ்சுது அண்ணை. இன்னும் ரெண்டு கிழமையில ஆக்கள் வந்து இறங்கியிடுவினம். நீங்கள் வீட்டை ஆயத்தப்படுத்துங்கோ," என்றான்.

ஆயத்தப்படுத்தினேன். அந்த மடைத்தனத்தை எங்கள் ஆட்களில் ஒருவன்தான் செய்திருப்பான். எங்கள் பக்கத்தில் வாசலில் புல் நிற்கிற வீட்டுக்கு ஒரே பொருள்தான்: அங்கே ஆள் இல்லை. பாம்பு கிடக்கும், பிள்ளைகளை விட மாட்டார்கள். வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் முதல் வேலை, மண்வெட்டியால் புல்லைச் சீவி முற்றம் செருக்குவது. வீட்டுச் சொந்தக்காரர் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, மண்வெட்டியை எடுத்து முன்பக்கத்துப் புல் முழுவதையும் வேரோடு செருக்கி, மண்ணை நிரவி, கூட்டி, தண்ணீரும் தெளித்தேன். முதுகு முறிந்தது. ஆனால் வாசல் பளிச்சென்று இருந்தது. அன்றைக்குத்தான் அந்த வீட்டில் எனக்கு முதல்முறையாகச் சோறு இறங்கியது.

மறுநாள் அந்த மனிதர் வந்தார். வாசலில் நின்றவருடைய முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போனது. தன் தகப்பன் போட்ட புல் என்றார். உங்கள் நாட்டில் புல்லே கிடையாதா என்றார். நான் சொன்ன விளக்கத்தை என்னுடைய அரைகுறை டேனிஷ் பாதி கெடுத்தது, அவருடைய கோபம் மீதியைக் கெடுத்தது. கடைசியில் விரலை நீட்டிச் சொன்னார்:

"செப்டெம்பருக்குள் புல் பழையபடி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நீ வெளியே."

வீடு போனால் விண்ணப்பமும் போகும். என் பெண்சாதி பிள்ளை வருவது இப்போது புல்லின் கையில்.

விதை வாங்கினேன். மண்ணைக் கிளறி விதைத்து, பலகை வைத்து மிதித்தேன். குருவிகள் கூட்டமாக வந்து பந்தி இருந்தன. ஆலையில் கழித்த துணிக் கீலங்களைக் கயிற்றில் கட்டிக் குருவியைத் துரத்தினேன். வேலிக்கு மேலால் தலை வந்தது: அசிங்கமாக இருக்கிறது, கழற்று. கழற்றினேன். காலை ஷிப்ட் முடிந்து வந்து, நானே கம்போடு நின்று குருவி கலைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் பச்சை தெரிந்தது. புல்லிடமிருந்து பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. கொப்பன்ஹேகனில் என் கடுதாசி கிடந்த அலுவலகத்திலிருந்து வரவில்லை. தொலைபேசியில் கேட்டால் எப்போதும் அதே வாக்கியம்: பரிசீலனையில் இருக்கிறது. மனைவியின் கடிதங்கள் குறுகிக்கொண்டு வந்தன. ஊரில் சண்டை, குண்டு விழாத நாள் இல்லை. ஒன்றில் இப்படி எழுதியிருந்தாள்: "செல் விழுந்தால் பிள்ளை இப்ப அழுறேல்லை. தானாப் போய் மேசைக்குக் கீழ இருக்கிறாள்." அதை வாசித்துவிட்டுப் போய்ப் புல் வெட்டினேன். வெட்டாமல் விட முடியாதே, வியாழக்கிழமை என் புல் வெட்டும் நாள்.

செப்டெம்பரில் அவர் வந்து காலால் அழுத்திப் பார்த்தார். மூலையில் மெல்லிசாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வீடு தப்பியது. அதன் பிறகு அக்டோபரில் இலை வாரினேன். மார்ச்சில் பாசிக்குச் சுண்ணாம்பு போட்டேன். மே மாதம் கத்தியோடு முழங்காலில் இருந்து மஞ்சள் பூவைக் கிண்டினேன். ஒவ்வொரு புல்லையும் வைதுகொண்டுதான் வளர்த்தேன். அந்த வருடமும் போனது, யாரும் வரவில்லை.

பிறகு ஒருநாள் அவர் பத்திரிகையோடு வேலியருகே நின்றார். எங்கள் ஆட்களுடைய விண்ணப்பங்களை அந்த அலுவலகத்தில் எடுத்துப் பார்க்காமல் வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தார்களாம். பத்திரிகையைப் புறங்கையால் அடித்து, "சட்டம் என்றால் சட்டம். இது வெட்கக்கேடு," என்றார். கோபமாகத்தான் சொன்னார். புல்லுக்கு வந்த கோபத்தில் பாதிகூட இல்லை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

பிறகுதான் அனுமதி வந்தது. அந்த ஆகஸ்டில் மனைவியும் மகளும் வந்தார்கள். ஆலைப் பெடியன்தான் தன் காரில் கூட்டிவந்தான். மனைவி இறங்கி, வீட்டைப் பார்க்கவில்லை, என்னையும் சரியாகப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள்.

"இதென்னப்பா, ஆளில்லாத வளவு மாதிரிப் புல்லு மண்டிக் கிடக்கு? நாங்கள் வாறம் எண்டு தெரியும்தானே. ஒருக்காச் செருக்கிவிட உங்களுக்கு நேரம் கிடைக்கேல்லையோ?"

எனக்கு ஆத்திரம் வந்தது. அவள்மேல் வந்த ஆத்திரம் இல்லை அது. ஆனால் எதிரே நின்றது அவள்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலை மகள் வாசற்படியில் நின்றாள். என்னிடம் வர மாட்டாள், புல்லிலும் இறங்க மாட்டாள்.

"அம்மா, பாம்பு கிடக்கும். நான் மாட்டன்."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு அங்குமிங்கும் நடந்து காட்டினேன். இங்கே பாம்பு இல்லை என்றேன். முகம் தெரியாத ஒருவன் சொல்வதை அவள் ஏன் நம்ப வேண்டும்? தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொட்டிலுக்குப் போய் மண்வெட்டியை எடுத்துவந்தேன். படியிலிருந்து தொடங்கி, ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் புல்லை வேரோடு செருக்கி எறிந்தேன். மனைவி உள்ளே போய் விளக்குமாற்றைக் கொண்டுவந்து அந்த இடத்தைக் கூட்டினாள். வேலிக்கு மேலால் தலை வந்தது. வாய் திறந்தது. மண்வெட்டியைக் கீழே வைக்காமல் அவரை நேரே பார்த்தேன்.

அதற்குள் மகள் படியிலிருந்து இறங்கி, அந்த வெறும் மண்ணில் இரண்டு காலையும் வைத்து நின்றாள்.