ஆக்சிஜன் அளந்தவர்

மஞ்சூருக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளை ஒரு டப்பிங் தொடர் ஆண்டுகொண்டிருந்தது. ஒரு விண்கலம், அதில் கொஞ்சம் மனிதர்கள். முகமூடி போட்ட யாரோ ஆக்சிஜனைத் திருட, வாரம் ஒருவர் மூச்சுத் திணறிச் செத்தார். திருடன் யாரென்று கடைசி வாரம்தான் காட்டுவார்களாம். குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ரோபோவுக்கும் ஒரே புண்ணியவான் தமிழ் பேசித் தொலைத்தார்.

அப்போது டிவி எங்கள் வீட்டில் மட்டும்தான். கொழுந்து பறிக்கும் பெண்கள் பாயில் உட்காருவார்கள், என் வீட்டுக்காரர் நாற்காலியில். அவர் கண்டக்டர். எஸ்டேட்டில் கண்டக்டர் என்றால் டிக்கெட் கிழிப்பவர் அல்ல. பறித்த கொழுந்தை நிறுப்பவர். மழை நாளில் இலையிலுள்ள ஈரத்துக்கென்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பார். வெயில் நாளிலும் அவர் கண்ணுக்கு மட்டும் ஈரம் தெரியும். அபூர்வமான பார்வை.

கலத்திலும் ஆக்சிஜனை அளந்து கொடுக்க ஓர் அதிகாரி இருந்தார். சிரிக்கவே மாட்டார். முதல் வாரமே பாயிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது.

"அளக்கறவந்தானுங்க திருடன். இதக் கண்டுபிடிக்க எதுக்குங்க இத்தன வாரம்?"

சொன்னவள் டிவியைத்தான் பார்த்துச் சொன்னாள். நெளிந்தது என்னவோ நாற்காலி.

கலத்தின் கேப்டனை எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஒவ்வொரு சாவுக்கும் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுவார். "தொரைன்னா இப்புடி இருக்கோணும்" என்று உருகினார்கள். எங்கள் துரை ஜீப்பை விட்டு இறங்கியே பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. "அம்மிணி, அந்த அளக்கற ஆளு நல்லவந்தானே?" என்று தட்டைப் பார்த்தபடி கேட்பார். அந்த ஆள் நிரபராதி என்று வந்துவிட்டால் தன் பேரும் மீண்டுவிடும் என்று நம்பினார். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

கடைசி வாரம் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பக்கத்துக் குந்தா அணையில் எடுக்கும் கரண்ட் ஊரெல்லாம் சுற்றிவிட்டு மனசிருந்தால் எங்களிடம் வரும். நல்லவேளை, முகமூடியைக் கழற்றுவதற்குள் வந்துவிட்டது. உள்ளே இருந்தவர், வாராவாரம் அழுத அதே கேப்டன். அளந்து கொடுத்த அதிகாரியோ தன் பங்கு ஆக்சிஜனையும் மற்றவர்களுக்குத் திறந்துவிட்டுச் செத்துக் கிடந்தார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

என் வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தீங்களா? அளக்கறவன்னா எளப்பமா? அம்மிணி, அல்லாத்துக்கும் டீ போடு!"

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. போட்டேன்.

மறுநாள் அவர் மறந்து விட்டுப்போன சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு நிறுவை இடத்துக்குப் போனேன். நல்ல வெயில். முதல் மூட்டையைத் தராசில் மாட்டியவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க கண்டக்டரய்யா, அவரு மூச்சையே குடுத்தாருங்க. உங்கள அதெல்லாம் கேக்கலீங்க. இல்லாத தண்ணிக்குக் கழிக்காம உட்டாப் போதுமுங்க."

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன். அவர் முள்ளைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார்.

"ரெண்டு கழிவு" என்றார். "அடுத்தது."

அடுத்த ஞாயிறு புதுத் தொடர் ஆரம்பித்தது. பாயை அவரே விரித்து வைத்தார். சத்தத்தையும் வாசல்வரை கேட்கும்படி கூட்டினார். விளம்பரம் முடிந்து, ஒரு கிரகம் வெடித்து, முதல் பிணமும் விழுந்துவிட்டது. யாரும் வரவில்லை.

"இதுல யாரு அம்மிணி வில்லன்?" என்று கேட்டார்.

"மொத வாரந்தானுங்களே, போகப் போகத் தெரியும்" என்றேன். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை.